இந்திப் படங்களை வெளிநாட்டில் பார்த்தவர்கள் யார்? வசூல் பட்டியலில் வராத கோடிகள்

கேள்வி: ஜூன் 3, 2024, காலை 9.12

'தங்கல்' சீனாவில் ஓடும் வரை இந்திப் படங்களை வெளிநாட்டில் பார்த்தவர்கள் அங்கே குடியேறிய நம் நாட்டவர் மட்டும்தான். லண்டன், நியூஜெர்சி, துபாய், அவ்வளவுதான் சந்தை. வேற்று நாட்டார் காசு கொடுத்து இந்திப் படம் பார்க்கத் தொடங்கியதே 2017இல்தான். வசூல் பட்டியலை எடுத்துப் பாருங்கள். மறுப்பவர்கள் ஆதாரத்துடன் எழுதுங்கள்.

ஜூன் 3, இரவு 10.05

மறுக்கிறேன்.

1984 செப்டம்பரில் தாஷ்கண்டில் போய் இறங்கியவன் நான். பாசனப் பொறியியல் படிக்கச் சோவியத் உதவித்தொகை கிடைத்திருந்தது. மன்னார்குடியிலிருந்து போன எனக்கு ரஷ்ய மொழி தெரியாது, இந்தியும் தெரியாது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு விடுதிக்குள் நுழைந்த முதல் நாள், வாசலில் உட்கார்ந்து அறைச் சாவி கொடுக்கும் அம்மாள் என் முகத்தைப் பார்த்து "இந்தியா?" என்றார். தலையாட்டினேன். நாற்காலியிலிருந்து எழுந்து நின்று 'ஆவாரா ஹூன்' பாட ஆரம்பித்துவிட்டார். முழுப் பாட்டையும் பாடினார். நடுவில் கை நீட்டி, அடுத்த வரியை நான் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று சைகை காட்டினார். எனக்கு ஒரு வரியும் தெரியாது.

அவருக்கு அப்போது ஐம்பது வயது. 'ஆவாரா'வைத் திரையரங்கில் பதினோரு முறை பார்த்ததாகப் பிறகு சொன்னார், பதினோரு முறையும் டிக்கெட் வாங்கி. அவருக்கு லண்டனில் உறவினர் எவரும் இல்லை ஐயா.

ஜூன் 4, காலை 6.30

ஆதாரம் கேட்டீர்கள். ராஜ் கபூரின் 'ஆவாரா' இங்கே 1951இல் வந்தது. 1954இல் சோவியத் நாட்டில் இந்தியப் பட விழா நடந்தபோது 'பிரோத்யாகா', அதாவது நாடோடி, என்ற பெயரில் அங்கே வெளியாயிற்று. ராஜ் கபூரும் நர்கிஸும் மாஸ்கோவுக்கே போனார்கள். விற்ற டிக்கெட் 6 கோடிக்கு மேல். 'பாபி' 1975இல் அங்கே போய் 6 கோடியைத் தாண்டியது. நான் போய் இறங்கிய அதே 1984இல் அங்கே வெளியான 'டிஸ்கோ டான்ஸர்' ஏறத்தாழ 6 கோடி. 'சீதா ஔர் கீதா' 5 கோடிக்கு மேல். அங்கே அந்தப் படத்தின் பெயர் 'ஸீத்தா இ கீத்தா'.

இவை எதுவும் நீங்கள் சொல்லும் வசூல் பட்டியலில் வராது. ஏன் என்பதை மாலையில் எழுதுகிறேன். வயலுக்குப் போகும் நேரம்.

ஜூன் 4, இரவு 9.40

வராததற்குக் காரணம் வியாபாரம் நடந்த விதம். சோவியத் நாட்டில் வெளிநாட்டுப் படங்களை வாங்கும் அமைப்பு ஒன்றுதான்: சோவெக்ஸ்போர்ட்ஃபிலிம். அது ஒரு படத்துக்கு ஒரு விலை பேசி மொத்தமாக வாங்கிக்கொள்ளும். அதற்குப் பிறகு படம் பத்து நாள் ஓடினாலும் பத்து ஆண்டு ஓடினாலும் பம்பாய்த் தயாரிப்பாளருக்கு மேற்கொண்டு காசு வராது. அந்த விலையும் டாலரில் இல்லை, இரு நாடுகளுக்கும் இடையே இருந்த ரூபாய் வர்த்தகக் கணக்கில் போனது. ஆறு கோடிப் பேர் ஒரு படத்தைப் பார்க்கிறார்கள், அந்தப் படத்தை எடுத்தவரின் வரவுக் கணக்கில் அது ஒரு சிறு தொகையாக மட்டும் நிற்கிறது. 2017இல் 'தங்கல்' சீனாவில் ஓடியபோது ஏற்பாடே வேறு. வசூலில் பங்கு தரும் முறையில் போகிற வெளிநாட்டுப் படங்களுக்கு அங்கே நான்கில் ஒரு பங்கு கிடைக்கும். ஏறக்குறைய 130 கோடி யுவான் வசூலானதாக அன்றாடம் கணக்கு வந்தது, நம் செய்தித்தாள்களில் தலைப்பானது.

பணத்தை எண்ணினால் 2017 முதலிடம். தலையை எண்ணினால் கதை எழுபது ஆண்டு பழையது. இந்த வேறுபாட்டைத்தான் நான் வலியுறுத்துகிறேன்.

ஜூன் 5, காலை 7.15

"ஆறு கோடிப் பேர்" என்று நேற்று எழுதியது தவறு. அது டிக்கெட் எண்ணிக்கை. எங்கள் விடுதி அம்மாள் ஒருவர் மட்டுமே அதில் பதினொன்று. எனவே தலையை எண்ணினால் என்று நான் சொன்னதையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒருவர் ஒரு படத்துக்குப் பதினோரு முறை போனார் என்றால், அந்தப் படத்தின் செல்வாக்குக்கு அது இன்னும் வலுவான சான்று என்றே எனக்குப் படுகிறது.

ஜூன் 5, இரவு 11.20

இன்னொரு நண்பர் எழுதியிருக்கிறார்: "வேறு படம் இல்லை, அரசு எதைக் காட்டியதோ அதைப் பார்த்தார்கள்." நானும் அங்கே போன புதிதில் அப்படித்தான் நினைத்தேன். அமெரிக்கப் படங்கள் அதிகம் வரவில்லை என்பது உண்மை. ஆனால் பிரெஞ்சுப் படங்கள், இத்தாலியப் படங்கள், சொந்த நாட்டின் பெரிய படங்கள் எல்லாம் இருந்தன. எங்கள் வீதித் திரையரங்கில் ஒரு வாசலில் ரஷ்யப் போர்ப்படத்துக்குப் பத்துப் பேர் நிற்க, மறு வாசலில் 'டிஸ்கோ டான்ஸர்' படத்துக்கு வரிசை மூலை திரும்பிப் போனதைக் கண்ணால் பார்த்தேன். படித்தவர்கள், விமர்சகர்கள் பலருக்கு அந்தப் படங்கள் பிடிக்கவில்லை. எங்கள் பேராசிரியர் ஒருவர், "உங்கள் நாட்டில் இவ்வளவு பெரிய தத்துவம் இருக்கிறது, இதைப் போய் அனுப்புகிறீர்களே" என்று வருத்தப்பட்டார். அவருடைய மனைவி இரண்டாம் முறையாக அந்தப் படத்துக்குப் போயிருந்தார்.

அதே சமயம் ஒன்றை மறைக்கக் கூடாது. சோவியத் நாட்டில் அதிகம் பேர் பார்த்த வெளிநாட்டுப் படம் இந்திப் படம் இல்லை. 'யேசேனியா' என்ற மெக்சிகப் படம், 9 கோடிக்கு மேல் டிக்கெட். ஒரு ஜிப்சிப் பெண், பிறந்ததும் குடும்பத்தைப் பிரிந்தவள், காதல், கண்ணீர். கதையைக் கேட்டால் அடுத்த விமானத்தில் பம்பாய்க்கு வந்து எடுத்திருக்கலாம் போல இருக்கிறது. அப்படியானால் அவர்கள் தேடியது இந்தியாவையா, அழவைக்கும் குடும்பக் கதையையா? இதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். பிறகு எழுதுகிறேன்.

ஜூன் 7, மாலை 5.50

விடுதி அம்மாளைப் பற்றிச் சொல்லாமல் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது.

அவரை நாங்கள் 'தியோத்யா' என்று அழைப்போம். சித்தி, அத்தை, பெரியம்மா எல்லாவற்றுக்கும் ரஷ்ய மொழியில் அந்த ஒரு சொல்தான். அவர் தாஷ்கண்டில் பிறந்தவர் இல்லை. 1941இல் ஜெர்மானியப் படை உள்ளே வந்தபோது மேற்கிலிருந்து ரயில் ரயிலாகக் குழந்தைகளைக் கிழக்கே அனுப்பினார்கள். தாய் தகப்பனை இழந்த ஆயிரக்கணக்கான பிள்ளைகளைத் தாஷ்கண்ட் ஏற்றுக்கொண்டது. அவர் ஏழு வயதில் அப்படி வந்து இறங்கியவர். தந்தை போரில் என்ன ஆனார் என்று தெரியாது. அனாதை விடுதியில் வளர்ந்தார். இருபது வயதில் 'ஆவாரா' பார்த்தார்.

அந்தக் கதை உங்களுக்கு நினைவிருக்கும். நீதிபதி தன் மனைவியைச் சந்தேகப்பட்டு வீட்டை விட்டுத் துரத்துகிறார். தெருவில் பிறந்த மகன் திருடனாக வளர்ந்து, கடைசியில் அதே தந்தையின் முன் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறான். நம்மவர்கள் அதில் பார்த்தது சாதி, பிறப்பு, பணக்காரன், ஏழை. தியோத்யா பார்த்தது தகப்பன் இல்லாத பிள்ளையை. "அவனுக்குக் கடைசியில் அப்பா கிடைத்துவிடுகிறார்" என்றார். படத்தைப் பற்றி அவர் சொன்ன கருத்து அவ்வளவுதான். 1954இல் அந்த நாட்டில் தகப்பனை, கணவனை, அண்ணனைப் போரில் இழக்காத வீடு அரிது. அவர்களுடைய சொந்தப் படங்கள் அந்த இழப்பை வீரமாகக் காட்டின. உட்கார்ந்து அழ ஒரு இடம் வேண்டியிருந்தது. தொலைவிலிருந்து வந்த ஒரு படம், கிழிந்த காற்சட்டையும் கோணல் தொப்பியுமாக, அந்த இடத்தைக் கொடுத்தது. இதுதான் என் கட்சி.

அந்த அம்மாள் 1990இல் நான் கிளம்பும்போது பலாவ் சோறு செய்யும் முறையைக் கட்டம் போட்ட பள்ளி நோட்டு ஒன்றில் எழுதிக் கொடுத்தார். இன்றும் என்னிடம் இருக்கிறது. கேரட்டை நீளவாக்கில் அரிய வேண்டும், துருவக் கூடாது என்று இரண்டு முறை அடிக்கோடிட்டிருக்கிறார்.

ஜூன் 7, மாலை 6.10

'ஆவாரா' தமிழிலும் 'அவன்' என்று வந்ததே, அம்மா அந்தப் பாடல்களை முணுமுணுப்பார். தாஷ்கண்ட் அனாதை விடுதியும் மன்னார்குடி அடுப்படியும் ஒரே படத்தைக் கேட்டிருக்கின்றன என்று நினைக்க எனக்கு நெஞ்சு நிறைகிறது.

ஜூன் 8, காலை 8.00

திருத்தம். என் அக்கா தொலைபேசியில் பிடித்துக்கொண்டார்: "தம்பி, 'அவன்' 'ஆவாரா' இல்லை, அது 'ஆஹ்' படத்தின் தமிழ்." அக்கா சொன்னது சரி. 1953இல் 'ஆஹ்' வந்தது, அதே ஆண்டில் ஏ.எம். ராஜாவும் ஜிக்கியும் பாட 'அவன்' வந்தது. ராஜ் கபூர், நர்கிஸ், சங்கர்–ஜெய்கிஷன் எல்லாரும் அதேதான், படம்தான் வேறு. நேற்று நெஞ்சு நிறைந்ததைத் திரும்பப் பெற்றுக்கொள்ள மாட்டேன். ஒரே இசையமைப்பாளர்களைத்தான் இரண்டு வீடுகளும் கேட்டன.

ஜூன் 8, பகல் 1.30

அக்கா பேச்சோடு பேச்சாக அத்தானின் கதையையும் நினைவூட்டினார். அத்தான் 1979 முதல் ஐந்து ஆண்டுகள் வடக்கு நைஜீரியாவின் கானோவில் கணித ஆசிரியர். அந்தக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் ஆசிரியர்கள் நிறையப் பேர் அங்கே போனார்கள். கானோ ஹவுசா மொழி பேசும் முஸ்லிம் நகரம். அங்கே திரையரங்குகளில் 1950களிலிருந்தே இந்திப் படம் ஓடிக்கொண்டிருந்தது. இறக்குமதி செய்தவர்கள் லெபனான் வணிகர்கள். இந்திய அரசு அனுப்பவில்லை, இந்தியர் யாரும் கொண்டுபோகவில்லை. மலிவாகக் கிடைத்தது, கூட்டம் வந்தது, தொடர்ந்து வாங்கினார்கள்.

மாணவர்கள் ஒரு வெள்ளிக்கிழமை அத்தானை 'மதர் இந்தியா'வுக்கு அழைத்துப் போனார்கள். படம் இந்தியில். ஹவுசாவில் மொழிமாற்றம் கிடையாது. அத்தானுக்கு இந்தி தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்த பதினான்கு வயதுப் பையன் ஒவ்வொரு காட்சிக்கும் ஆங்கிலத்தில் கதை சொன்னான். "சார், இப்போது வட்டிக்காரன் வருவான், பாருங்கள்." ஒரு நைஜீரியப் பிள்ளை ஒரு இந்தியருக்கு இந்திப் படத்தை விளக்கிய நாள் அது. அத்தான் கடைசி வரை அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தப் பையனிடம் ஏன் பிடிக்கிறது என்று கேட்டாராம். "அமெரிக்கப் படத்தில் பையன் அப்பாவை எதிர்த்துப் பேசிவிட்டுப் போய்விடுகிறான், இதில் போக முடியாமல் தவிக்கிறான், எங்கள் வீட்டில் இருப்பதும் அதுதான்." முக்காடு, பெரியவர் முன் தலை குனிதல், பெற்றோர் பார்த்து வைக்கும் திருமணம், அதற்குள் ஒரு காதல். கானோவின் சொந்தப் படத்தொழில் 1990களில் தலையெடுத்தபோது அதில் பாட்டும் ஆட்டமும் வந்ததற்கு இந்தத் திரையரங்குகளும் ஒரு காரணம். நபிகள் நாயகத்தைப் போற்றும் பாடல்களை இந்தி மெட்டில் பாடுகிறவர்களும் அங்கே உண்டு.

ஜூன் 9, இரவு 10.10

யேசேனியா கேள்விக்கு வருகிறேன். அழவைக்கும் குடும்பக் கதை போதும் என்றால் மெக்சிகோவே போதும். இந்திப் படத்துக்கு என்று தனியாக இருந்தது பாட்டு. சோவியத் நாட்டில் வசனத்தை ரஷ்ய மொழியில் மாற்றுவார்கள், பாட்டில் கை வைக்க மாட்டார்கள். ஆகவே 'இந்தி' என்று அவர்கள் காதில் விழுந்தது பாட்டு மட்டும்தான். ஷைலேந்திரா எழுதியதை முகேஷ் பாடிய வடிவத்திலேயே கேட்டார்கள். சீனாவிலும் அப்படித்தான். 1955இலும் பிறகு 1970களின் இறுதியிலும் 'ஆவாரா' அங்கே ஓடியது. ஒரு தலைமுறைக்கே அந்தப் பாட்டு 'ராஜின் பாடல்' என்று தெரியும். சீன இயக்குநர் ஜியா ஜாங்கே 2000இல் எடுத்த 'பிளாட்ஃபார்ம்' படத்தில், சிறு நகர இளைஞர்கள் திரையரங்கில் உட்கார்ந்து 'ஆவாரா' பார்க்கும் காட்சியே இருக்கிறது.

கிரேக்கத்தில் நடந்தது இன்னும் வியப்பு. 1959இல் ஸ்டெலியோஸ் கசந்த்ஸிதிஸ் என்ற புகழ்பெற்ற பாடகர் 'மாந்துபாலா' என்று ஒரு பாட்டுப் பாடினார். மெட்டு 'ஆவாரா'வில் லதா மங்கேஷ்கர் பாடியது, பெயர் நடிகை மதுபாலாவுடையது. மதுபாலா 'ஆவாரா'வில் நடிக்கவே இல்லை. கிரேக்க ரசிகர்கள் அதற்காகப் பாட்டை விட்டுவிடவில்லை.

ஜூன் 10, காலை 7.45

கேள்வி கேட்டவருக்கு நியாயம் செய்ய வேண்டும். 1990களுக்குப் பின் நீங்கள் சொல்வது பெருமளவு சரி. சோவியத் ஒன்றியம் 1991இல் உடைந்தது, அரசு வாங்கி அரசு திரையிடும் ஏற்பாடும் அதோடு போயிற்று. பம்பாய் டாலரையும் பவுண்டையும் பார்த்தது. 1995க்குப் பின் கதாநாயகனே லண்டனில் வளர்ந்த பையன் ஆனான். நம் மணிரத்னம் எடுத்த 'தில் சே' 1998இல் இங்கே எடுபடவில்லை, பிரிட்டனில் முதல் பத்து இடங்களுக்குள் நுழைந்தது. அது குடியேறியவர்களின் காசுதான். ஆனால் அந்தப் பத்துப் பதினைந்து ஆண்டுகளை வைத்து முந்தைய நாற்பது ஆண்டுகளை அழித்துவிடுகிறீர்கள். என் கோபம் அங்கேதான்.

ஜூன் 10, இரவு 9.05

ஸ்டுட்கார்ட்டிலிருந்து ஒரு தங்கை எழுதியிருக்கிறார், யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்குப் பிறந்தவர். 2004 நவம்பரில் ஆர்டிஎல் 2 தொலைக்காட்சி 'கபி குஷி கபி கம்' படத்தை ஜெர்மன் மொழியில் ஒளிபரப்பிய மறுவாரம், வகுப்பில் ஜெர்மானியத் தோழிகள் தன்னைச் சூழ்ந்துகொண்டு ஷாருக் கானைப் பற்றிக் கேட்டார்கள் என்கிறார். "அண்ணா, அதுவரை என் நெற்றிப் பொட்டைக் கேலி செய்தவர்கள், அன்று எங்கே வாங்கலாம் என்று கேட்டார்கள்." எங்கள் வீட்டில் தமிழ்ப் படம் மட்டும்தான் ஓடும், நானும் உங்களைப் போல இந்தி தெரியாமல் விழித்தேன் என்று முடித்திருக்கிறார். நன்றி தங்கையே. தாஷ்கண்ட், கானோ, ஸ்டுட்கார்ட் மூன்றிலும் இந்தி தெரியாத தமிழர் ஒருவர் நடுவில் நிற்கிறார்.

ஜூன் 11, காலை 6.50

ஒருவர் கடுமையாகவே கேட்டுவிட்டார்: "தமிழனுக்கு இந்திப் படத்தின் பெருமை எதற்கு?" என் சித்தப்பா 1965இல் கல்லூரி மாணவர், ஊர்வலத்தில் போய் அடி வாங்கியவர். இந்தியைத் திணிக்கக் கூடாது என்பதில் எனக்கும் இரண்டாம் கருத்து இல்லை. தியோத்யா மீது யாரும் இந்தியைத் திணிக்கவில்லை. தானே தேடிப் போய்க் காசு கொடுத்துக் கேட்டார். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள்.

மேலும், "இந்திப் படம்" என்ற சொல்லுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். தாஷ்கண்டில் எங்கள் தெருப் பிள்ளைகள் என்னைக் கண்டால் யானையைப் பற்றித்தான் கேட்பார்கள். காரணம் 'ஹாத்தி மேரே சாத்தி'. எடுத்தவர் சாண்டோ சின்னப்பா தேவர், இயக்கியவர் அவர் தம்பி திருமுகம், மூலம் அவர்களுடைய 'தெய்வச்செயல்'. பிறகு அதே கதை எம்.ஜி.ஆர். நடிக்க 'நல்ல நேரம்' ஆயிற்று. 'ஸீத்தா இ கீத்தா'வின் இரட்டையரும் ஹேமமாலினி, தஞ்சைப் பக்கத்து அம்மன்குடிக்காரர். உங்கள் வீட்டில் யானை உண்டா என்று கேட்ட சிறுவனிடம், வீட்டில் இல்லை, கோயிலில் உண்டு என்றேன். அவன் நம்பவில்லை. கோயிலுக்குள் யானை எப்படி நுழையும் என்று கேட்டான். ராஜகோபாலசாமி கோயில் வாசலின் உயரத்தை அவனுக்குச் சுவரில் வரைந்து காட்ட இடம் போதவில்லை.

ஜூன் 14, இரவு 11.45

மூன்று நாளாக எழுதவில்லை. அந்த நோட்டைத் தேடிக்கொண்டிருந்தேன். ஸ்டுட்கார்ட் தங்கை பலாவ் செய்முறை கேட்டிருந்தார். பரண்மேல் பழைய சான்றிதழ்களுக்கு அடியில் கிடைத்தது.

முப்பத்து நான்கு ஆண்டுகளாக முதல் நான்கு பக்கங்களை மட்டுமே பார்த்திருக்கிறேன். பலாவ், உப்பு ரொட்டி, ஒரு முகவரி. மீதி வெற்றுத் தாள் என்று நினைத்திருந்தேன். இன்று பின்னட்டைப் பக்கம் திறந்தது. அந்தப் பக்கத்திலிருந்து தலைகீழாகத் திருப்பி, 'ஆவாரா ஹூன்' பாட்டு முழுவதையும் ரஷ்ய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார். மை பழுத்துவிட்டது, எழுத்தும் இளமையான எழுத்து. எனக்குக் கொடுப்பதற்காக எழுதியதாகத் தெரியவில்லை. தன்னிடமிருந்த பழைய நோட்டில் மிச்சமிருந்த தாளில்தான் செய்முறையை எழுதியிருக்க வேண்டும்.

என் மருமகள் டெல்லியில் படித்தவள். நான் ரஷ்ய எழுத்தைக் கூட்டி வாசிக்க வாசிக்க அவள் கேட்டாள். இரண்டு சொற்கள் தவிர எல்லாம் சரி என்றாள். பிறகு ஒவ்வொரு வரிக்கும் தமிழில் பொருள் சொன்னாள்.

பாட்டுக்குக் கீழே வேறு மையில், பிற்காலக் கையெழுத்தில், ரஷ்ய மொழியில் ஒரு வரி இருக்கிறது: "பொருள்: மூன்றாம் மாடி இந்தியப் பையனிடம் கேட்க வேண்டும்."

மூன்றாம் மாடியில் ஆறு ஆண்டுகள் நான்தான் இருந்தேன்.